நாற்பத்தோராம் நாள் புதுப்பித்த பதிவு

புதுப்பட்டினம் சௌகத் அலி, தான் இறந்த நாற்பத்தோராம் நாள், முற்பகல் பதினொன்றே காலுக்கு, தன் ஒப்பந்தக்காரர் பதிவைப் புதுப்பித்துக்கொண்டார். கட்டணம் கிடைத்ததற்கான ரசீது உடனே அவருடைய செல்போனுக்கு வந்தது. 'தங்கள் பணி சிறக்க வாழ்த்துகள்' என்று அதன் அடியில் இருந்தது.

விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அந்த வாழ்த்தைப் படித்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுத மனைவி ஜெய்புன்னிசா ஒருத்தி. பொத்தானை அழுத்திய மகள் ஷஃபானா இன்னொருத்தி. மூன்றாவது சௌகத் அலி. அவர் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஜெய்புன்னிசாவுக்கு நாற்பத்தேழு வயது. செங்கல்பட்டு ரயிலடியில் பழக்கடை வைத்திருந்தவரின் மகள். பன்னிரண்டாவது பாஸ். இருபத்தோரு வயதில் புதுப்பட்டினத்துக்கு மருமகளாக வந்தாள். அப்போது சௌகத் அலி கொத்தனாராக இருந்து ஒப்பந்தக்காரராக மாறிக்கொண்டிருந்த நேரம். அரசுப் பதிவில் கடைசி வகுப்பு. சத்துணவுக்கூடம், பள்ளிச் சுற்றுச்சுவர், கழிவறை, பேருந்து நிழற்குடை, இந்த அளவு வேலைகளைத்தான் அந்த வகுப்புக்குக் கொடுப்பார்கள். அதற்கு மேலே போக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதும் இல்லை.

சௌகத் அலிக்குச் சுவர் தெரியும், காகிதம் தெரியாது. எந்தக் காகிதம் வந்தாலும் மடித்த மடிப்புப் பிரிக்காமல் அடுப்படியில் கொண்டுவந்து நீட்டி, "ஜெய்பு, இது இன்னானு பாரு" என்பார். அவள் பார்த்தாள். ஒப்பந்தப்புள்ளி படித்தாள், விலை எழுதினாள், ஆள் வருகையைக் குறித்தாள். ஜல்லி லாரிக்காரனோடு சண்டை போட்டாள். மணலைக் கையில் அள்ளிப் பிசைந்து விரலில் ஒட்டும் மண்ணைப் பார்த்தே "இது வேணாம், திருப்பியனுப்பு" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். இருபத்தாறு வருடம் இப்படிப் போயிற்று. பதிவுச் சான்று அவர் சட்டைப்பையில் இருந்தது. வேலை இவள் தலையில் இருந்தது. தம்பதிகளுக்குள் அதைப் பற்றிப் பேச்சு வந்ததே இல்லை.

அந்தக் கொடிய நாள் ஏப்ரல் பதினெட்டு. புதுப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் அங்கன்வாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டதால் குப்பத்துப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரும் மீன் ஏலக்கூடத்தில் உட்கார்ந்து 'நிலா நிலா ஓடி வா' பாடிக்கொண்டிருந்தார்கள். சௌகத் அலி டீ குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னிக்கு வெயில் ஓவராக் கீதுல்ல?" என்று மேஸ்திரி சின்னையனிடம் கேட்டுவிட்டு, சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்தார். சின்னையன் "ஆமா பாய்" என்று திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடல் வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது.

கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பதற்கு இத்தா என்று பெயர். ஜெய்புன்னிசா அதை ஒரு நாள் குறையாமல் இருந்தாள். உள்ளறையில், கண்ணாடி வளையல் கழற்றிய கையோடு, தலைமுக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தினமும் காலை எட்டு மணிக்குச் சின்னையனுக்கு வீடியோ கால் போட்டாள்.

"நூலைக் காட்டு சின்னையா."

"இதோ பாரு பாயம்மா."

"ஒன் மூஞ்சி எதுக்கு? தூக்குக்குண்டைக் காட்டு. ஆங்... அப்டியே மூலைக்குப் போ. இன்னாது அது, வளைஞ்சிகினு கீது?"

"போன் வளைஞ்சிகினு கீது பாயம்மா. செவுரு நேராத்தான் கீது."

"போனை நிமித்திப் புடி. அப்புறம் சொல்லு."

இப்படியாக வேலை நடந்தது. கண்ணீரும் நடந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக இல்லை.

ஒன்றை மட்டும் அவள் செய்யவில்லை. ஒப்பந்தக்காரர் இறந்துவிட்டார் என்று ஒன்றிய அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. மறைக்கும் எண்ணம் இல்லை. இத்தா முடிந்ததும் தானே நேரில் போய், முறையாக, மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். இத்தா என்பது எல்லாமே காத்திருக்கும் காலம். அரசாங்கமும் காத்திருக்கும் என்று நம்பினாள்.

அரசாங்கம் காத்திருக்கவில்லை. மே மாதக் கடைசியில் சௌகத் அலியின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. இன்னும் இரண்டு நாளில் பதிவு காலாவதியாகும், புதுப்பிக்கவும்.

மகன் ஜாவித் சவுதியில், தம்மாமில் இருந்தான். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஷஃபானாதான் அன்று வீட்டிலிருந்தாள். அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"அம்மா, அத்தா பேர்ல நாம எப்டிம்மா புதுப்பிக்கிறது?"

"நம்ம வூட்டு கரண்ட் பில் யார் பேர்ல வருது?"

"தாத்தா பேர்ல."

"அவரு மவுத்தாயி பத்தொன்பது வருசம். பில்லு கட்டுறோம், லைட் எரியுதா இல்லியா?"

"எரியுது. ஆனா இது வேற மாதிரின்னு தோணுதும்மா."

"ஓடிபி வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப போடு. அவங்க வேணாம்னா ஓடிபி எதுக்கு அனுப்புறாங்க?"

'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என நான் உறுதியளிக்கிறேன்' என்ற இடத்தில் ஷஃபானாவின் விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு அழுத்தியது. வாழ்த்து வந்தது.

அதே மாதத்தில் ஒன்றிய அலுவலகத்துக்குச் சங்கரி என்ற புது உதவிப் பொறியாளர் மாற்றலாகி வந்திருந்தார். விருதுநகர்க்காரர். சௌகத் அலியை அவர் கண்ணால் கண்டதில்லை. பத்து நாளைக்கு ஒரு தடவை ஸ்கூட்டியில் வந்து இறங்கி, "காண்ட்ராக்டர் எங்கே?" என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டிய பாவம் சின்னையன் தலையில் விழுந்தது.

முதல் தடவை, "ஜல்லி பாக்கப் போயிருக்காரு மேடம்."

இரண்டாம் தடவை, "தொழுவப் போயிருக்காரு மேடம். ஜும்ஆ."

"வெள்ளிக்கிழமைத் தொழுகை செவ்வாக்கிழமையிலயா?"

"அவருக்கு பக்தி ஜாஸ்தி மேடம்."

மூன்றாம் தடவை, "ஒடம்பு சரியில்ல மேடம்." இந்தப் பதில் மட்டும் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்ததாகச் சின்னையன் பிற்பாடு சொல்லிக்கொண்டான்.

சங்கரி அளவு எடுக்க மறுத்தார். ஒப்பந்தக்காரர் வராமல் அளவுப் புத்தகத்தைத் திறக்க மாட்டேன் என்றார். மூன்று நோட்டீஸ் அனுப்பினார். ஆகஸ்டில் சுவர் கூரை மட்டத்துக்கு வந்து, கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பியும் கட்டியாயிற்று. அன்றைக்குச் சங்கரி ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

"காண்ட்ராக்டர் நேர்ல வந்து பதிவேட்டுல கையெழுத்துப் போடணும். போட்டாத்தான் கான்கிரீட். பதினஞ்சு நாள்ல வரலைன்னா ஒப்பந்தத்தை ரத்து பண்ணச் சொல்லி எழுதிருவேன். மழை வந்துருச்சுன்னா இந்தப் பிள்ளைங்க கதி என்ன?"

இத்தா முடிய எட்டு நாள் பாக்கி இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை, நான்கு மாதத்துக்குப் பின் முதன்முதலாகத் தெருவில் இறங்கிய ஜெய்புன்னிசாவுக்குக் கண் கூசியது. ஷஃபானா லீவு போட்டுக் கூட வந்தாள். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பஸ். கலெக்டர் அலுவலகத்துக்கு அருகே ஹரிகிருஷ்ணன் என்பவரின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் ரவிச்சந்திரன் உட்கார்ந்திருப்பார். ஒப்பந்தக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. சௌகத் அலியின் முதல் பதிவுக்கு மனு எழுதியவரும் அவர்தான்.

ரவிச்சந்திரன் இறப்புச் சான்றைப் படித்தார். புதுப்பித்த ரசீதைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி இரண்டையும் படித்தார்.

"இன்னாம்மா இது? ஏப்ரல்ல போன ஆளு மே மாசம் வந்து கட்டணம் கட்டினு போயிருக்காரு?"

ஜெய்புன்னிசா கரண்ட் பில் விளக்கத்தைச் சொன்னாள்.

"கரண்ட்டு வூட்டுக்கு வருது. வூடு சாவாது. பதிவு ஆளுக்குக் குடுக்கிறது. ஆள் போனா அதுவும் அன்னிக்கே போச்சு. பையனுக்கு வராது, பொண்டாட்டிக்கு வராது. கூட்டு நிறுவனமா இருந்தா மீதிப் பங்காளி தொடரலாம், அதுக்கும் எழுதிக் கேக்கணும். இவரு தனி ஆளு. ஏன் உடனே சொல்லல?"

"நான் இத்தாவுல இருந்தேன் சார். வெளிய வரக்கூடாது."

"நீ வரக்கூடாது. தபாலு போகக்கூடாதுன்னு யாரு சொன்னது?"

நான்கு மாதமும் பத்து நாளும் அந்த யோசனை அந்த வீட்டில் யாருக்கும் வரவில்லை.

ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த ஹரிகிருஷ்ணன் தலையைத் திருப்பாமலே சொன்னார். "அக்கா, இதுக்கு ஏன் பேஜாரு? அந்த மேடம் பாயைப் பாத்ததே இல்லைன்றீங்க. யாராச்சும் தாடி வச்ச ஆளைக் கூட்டினு போயி ஒரு கையெழுத்து. கான்கிரீட் போட்டு, வேலையை முடிச்சு, அப்புறமா சாவடிச்சிக்கலாம்."

மெஷின் அடுத்த தாளைத் துப்பியது. அதற்குள் ஜெய்புன்னிசா அதை யோசித்துப் பார்த்தாள் என்பதை மறைப்பதற்கில்லை. அவரை இன்னும் ஒரு மாதம் உயிரோடு வைத்திருக்கலாம். காகிதத்தில்தான் என்றாலும்.

ரவிச்சந்திரன் விரலை நீட்டினார். "ஹரி, நீ ஜெராக்ஸைப் பாரு. ஏம்மா, இதுவரைக்கும் செஞ்சது தெரியாம செஞ்ச தப்பு. அந்தக் கையெழுத்து, தெரிஞ்சு செய்யிற குத்தம். கண்டுபிடிச்சா கருப்புப் பட்டியல், அதுக்கு மேல போலீஸ். நீ ஒன் பேர்ல பதிவு வாங்கணும்னு நெனைக்கிறல்ல?"

"ஆமா சார்."

"அப்ப அவங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னால நீ போயி சொல்லு."

அதன் பிறகு அவர் பேசப் பேச ஷஃபானா எழுதிக்கொண்டாள். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று வாங்க வேண்டும். வேலையைத் தாய் முடித்துக் கொடுக்கப் பிள்ளைகளுக்கு ஆட்சேபணை இல்லை என்று இருவரும் எழுதித் தர வேண்டும். ஜாவித் தூதரகத்தில் போய் முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். பாதியில் நிற்கும் வேலையை வாரிசு முடிக்க அனுமதி கேட்டு ஒரு மனு. அனுமதிப்பதும் மறுப்பதும் மேலே இருப்பவர்கள் இஷ்டம். உரிமை என்று சண்டை போட முடியாது. தவறாகப் புதுப்பித்ததை ரத்து செய்யக் கோரி இன்னொரு மனு, இதில் காரணம் சொல்லலாம், சாக்கு சொல்லக்கூடாது. சொந்தப் பதிவுக்குத் தனி மனு. அதற்குச் சொத்து மதிப்புச் சான்றும் முன் அனுபவச் சான்றும் கேட்பார்கள்.

"அனுபவம் இருபத்தாறு வருசம் கீது சார்."

"காகிதத்துல?"

"காகிதத்துல எல்லாம் அவரு பேரு."

"அப்ப ஒனக்கு அனுபவமே இல்ல. இந்த அங்கன்வாடியை ஒன் கையெழுத்துல முடிச்சாத்தான் மொத அனுபவம். அதனால இந்தக் கட்டடத்தை வுட்டுடாத."

வாரிசுச் சான்று வருவதற்குள் சங்கரியின் கெடு முடிந்துவிடும். ஆகவே முதலில் இறப்புச் சான்றையும் இரண்டு மனுக்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு மறுநாளே ஒன்றிய அலுவலகத்துக்குப் போனார்கள். சங்கரி படித்தார். முதல் தாளின் பாதியில் அவர் முகம் மாறியது. நிமிர்ந்தபோது கண்ணில் கோபமா ஈரமா என்று ஷஃபானாவுக்குத் தெரியவில்லை.

"நாலு மாசமா இறந்தவருக்கா நான் நோட்டீஸ் அனுப்பியிருக்கேன்?"

"மூணும் வந்துச்சு மேடம். பத்திரமா வச்சிகினு கீறேன்."

"செவ்வாக்கிழமை தொழுகைன்னு அந்த மேஸ்திரி சொன்னாரே!"

"அவனைத் திட்டாதீங்க மேடம். பாயை ரொம்பப் புடிக்கும் அவனுக்கு. செத்துட்டாருன்னு சொல்ல வாய் வராமப் போயிருக்கும்."

"ஜும்ஆன்னு சொல்ல வாய் வந்துச்சாக்கும்?"

சங்கரி மனுக்களை மேலே அனுப்பினார். கெடுவை நிறுத்தி வைத்தார். பத்து நாளில் மேலேயிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: 'ஒப்பந்தக்காரர் இறந்த தேதிக்குப் பிறகு எழுப்பப்பட்ட சுவர் எவ்வளவு? அதைக் கட்டியது யார்? தரம் என்ன?' இதற்கு வரும் பதிலைப் பொறுத்தே அனுமதி. பதில் சரியில்லை என்றால் ஒப்பந்தம் ரத்து, மறு ஒப்பந்தப்புள்ளி, யாரோ ஒரு ஒப்பந்தக்காரர்.

ஆய்வுக்குச் சங்கரி வந்த அன்றுதான் ஜெய்புன்னிசா கட்டடத்தை நேரில் பார்த்தாள். செல்போனில் தெரிந்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"இறந்த அன்னைக்கு எது வரைக்கும் வந்திருந்துச்சு?" என்று சங்கரி கேட்டார். "ஊகமாச் சொல்லக்கூடாது."

சின்னையன் ஜன்னலுக்கு அடியில் போய்க் குந்தினான். "ஊகம் இன்னாத்துக்கு மேடம்? இங்க பாரு. பாய் போனதும் பத்து நாள் வேலையை நிறுத்திட்டோம். அப்புறம் வந்த மணல் வேற. கீழ சாம்பல் கலரு. மேல செவப்பு."

பூச்சு இல்லாத சுவரில் அது பளிச்சென்று தெரிந்தது. கட்டடத்தைச் சுற்றி நான்கு பக்கமும், ஜன்னல் அடிமட்டத்தில், ஒரே வரியில் நிறம் மாறியிருந்தது. ஜெய்புன்னிசா அந்த வரியின் மேல் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் சுவரோடு சுற்றி நடந்தாள். முக்காடு காற்றில் பறந்தது. ஏலக்கூடத்தில் 'நிலா நிலா' நின்றது. குப்பத்துப் பெண்கள் இருவர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். சங்கரி டேப்பின் நுனியை அவள் கைக்குக் கீழே பிடிக்கச் சொல்லி, அங்கிருந்து கூரை வரை அளந்தார். இரண்டு மீட்டர் ஏழு சென்டிமீட்டர்.

பிறகு அவர் ஆறு இடத்தில் தூக்குக்குண்டு விட்டார். சுத்தியால் தட்டினார். ஆணியால் கலவையைச் சுரண்டினார். கீழ்ப்பகுதியில் இரண்டிடத்தில் நூல் சற்று விலகியிருந்தது. மேல்பகுதியில் எங்கும் விலகவில்லை.

சின்னையன் மெதுவாகச் சொன்னான். "பாய்க்கு டிமிக்கி குடுக்கலாம் மேடம். போன்ல பாயம்மாவுக்குக் குடுக்க முடியாது."

'மேல்பகுதி வாரிசுதாரரின் தொலைபேசி வழி மேற்பார்வையில் கட்டப்பட்டது; தரம் திருப்தி' என்று சங்கரி எழுதினார். 'தொலைபேசி வழி' என்பதை அடித்தார். சற்று யோசித்து, மறுபடி எழுதினார்.

செப்டம்பர் கடைசியில் வாரிசுச் சான்று வந்தது. தம்மாமிலிருந்து ஜாவித்தின் முத்திரைக் காகிதம் வந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் ஆணை வந்தது. ஜெய்புன்னிசா அதை அடுப்படியில் நின்றபடி படித்தாள். புதுப்பித்தல் ரத்து. கடும் எச்சரிக்கை. சொந்தப் பதிவு கிடைக்கும்வரை புது வேலை எதிலும் கலந்துகொள்ளக்கூடாது. அங்கன்வாடியை மட்டும் அறுபது நாளில் வாரிசு என்ற முறையில் முடித்துக் கொடுக்க அனுமதி. காகிதத்தை மடித்துவிட்டு, "இது இன்னானு பாரு" என்று நீட்ட ஆள் இல்லாத அந்த அடுப்படியில் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கலவை மெஷினுக்குப் போன் செய்தாள்.

கான்கிரீட் போடும் நாள் காலை மேகம் கட்டியிருந்தது. மெஷின் வந்து நின்றது. சித்தாள்கள் பாண்டுச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சங்கரி பதிவேட்டைத் திறந்து, 'ஒப்பந்தக்காரர் அல்லது வாரிசு' என்ற இடத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினார்.

ஜெய்புன்னிசா பேனாவை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். புர்காவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கம்பிக்கு இடையில் பார்த்து நடந்தாள். வடகிழக்கு மூலையில் நின்றுவிட்டாள்.

"சின்னையா! இங்க கம்பி பலகையோட ஒட்டினு கீது. கம்பியைத் தூக்கி நிறுத்துற கவர் பிளாக் கட்டை எங்க?"

"ரெண்டு மூணு தவறி வுழுந்திருக்கும் பாயம்மா. கான்கிரீட் போட்டா தானா மறைஞ்சிடும்."

"மறைஞ்சிடும், தெரியும். உப்புக் காத்து. நாலு வருசத்துல கம்பி துரு புடிச்சு, காரை பேந்து புள்ளைங்க தலையில வுழும். ஏறி வா. எல்லாக் கட்டையும் பாரு."

"மழை வந்துகினு கீது பாயம்மா!"

"வரட்டும். தார்ப்பாய் கீதுல்ல?"

கீழேயிருந்து சங்கரி கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மாசமா கையெழுத்துப் போட ஆளைத் தேடுனேன். ஆள் வந்ததுக்கப்புறம் போட மாட்டேங்கிறீங்களேம்மா?"

"என் பேரைப் போடணுமே மேடம்," என்றாள் ஜெய்புன்னிசா.

அரைமணி நேரம் ஆயிற்று. முப்பத்தொரு கட்டைகள் புதிதாக வைக்கப்பட்டன. அவள் மூலைமூலையாகக் குனிந்து, கம்பிக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு அங்கேயே, பதிவேட்டைக் கீழேயிருந்து வாங்கிச் சென்ட்ரிங் பலகை மேல் வைத்து, எழுத்து எழுத்தாக நிதானமாகக் கையெழுத்திட்டாள்.

"மெஷினைப் போடு," என்றாள்.